புளித்த இடத்தில் இறங்கும் இழை

ஆல்கலைன் தண்ணீர் குடித்தால் கட்டி கரைந்துவிடுமா என்று அண்ணாச்சி கேட்டார். ஆண்டாப் ஹில் சி.ஜி.எஸ். குவார்ட்டர்ஸை ஒட்டிய டீக்கடையில் ஆளுக்கொரு கட்டிங் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவருடைய தங்கை பரேல் டாடா ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார். புற்றுநோய் என்றால் உடம்பில் அமிலம் கூடிவிட்டது என்று அர்த்தம், காரத்தன்மையுள்ள தண்ணீரும் ஆப்ப சோடாவும் அதை முறித்துவிடும் என்று ஊரிலிருந்து யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். அண்ணாச்சி பாட்டில் விலையைக்கூட விசாரித்து வைத்திருந்தார். “டாக்டர்ட்ட கேட்டா ஏசுவாரோன்னு இருக்கு தம்பி, நீங்க சொல்லுங்க” என்றார்.

தண்ணீர் கட்டியைக் கரைக்காது. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அந்த வீடியோவுக்குள் ஓர் உண்மையும் புதைந்து கிடக்கிறது. புற்றுநோய்க் கட்டியைச் சுற்றி நிஜமாகவே அமிலம் இருக்கிறது. அதை முறிக்கப் பார்க்காமல், அதையே அடையாளமாக வைத்துக்கொண்டு மருந்தைக் கட்டியிடம் கொண்டுசேர்க்க முடியுமா என்று சில ஆய்வாளர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக உழைத்து வருகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது 36 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சின்ன இழை. இப்படிப்பட்ட சிறு புரதத் துண்டைப் பெப்டைடு என்பார்கள். அது எங்கிருந்து வந்தது, எப்படி வேலை செய்கிறது, இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று அண்ணாச்சிக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அந்த வீடியோ இன்னும் பல வீடுகளுக்குப் போயிருக்கும்.

முதலில் அந்த அமிலம். நம் செல்கள் சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்கின்றன. ஆக்சிஜன் கிடைத்தால் சர்க்கரை முழுதாக எரிந்து கரியமில வாயுவும் தண்ணீருமாகிவிடும். ஆக்சிஜன் போதாதபோது வேலை பாதியில் நின்று லாக்டிக் அமிலம் மிஞ்சும். தயிரைப் புளிக்க வைப்பதும் இதே அமிலம்தான். 1920-களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் கட்டிகளின் செல்களை ஆராய்ந்தபோது, ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் அவை சர்க்கரையைப் பாதியில் நிறுத்தி லாக்டிக் அமிலத்தைக் கொட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். பாதியில் நிறுத்தினால் ஒரு சர்க்கரை மூலக்கூறிலிருந்து கிடைக்கும் சக்தி மிகக் குறைவு. அதனால் கட்டி சர்க்கரையை அள்ளி அள்ளி இழுக்கிறது.

இந்தப் பசியை மருத்துவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். பெட் ஸ்கேன் எடுக்கும்போது ஊசியில் ஏற்றுவது கதிரியக்க ஃபுளோரின் பூட்டிய ஒருவகைச் சர்க்கரை. பெரும்பாலான கட்டிகள் அதை மற்ற திசுக்களைவிட அதிகமாக இழுத்துக்கொள்வதால் படத்தில் பளிச்சென்று தெரிகின்றன. அந்த ஃபுளோரினில் பாதி 110 நிமிடத்தில் அழிந்துவிடும் என்பதால் பக்கத்திலேயே தயாரித்தாக வேண்டும். அதற்காக இந்தியாவின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002-இல் பரேலில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருத்துவ மையத்தில்தான் நிறுவப்பட்டது. அண்ணாச்சியின் தங்கை படுத்த ஸ்கேன் மேசைக்குப் பின்னால் வார்பர்க்கின் கண்டுபிடிப்பு இருக்கிறது. (இதைக் கேட்டதும் “அப்ப சீனிய நிறுத்திட்டா?” என்றார். இரத்தத்தில் சர்க்கரையின் அளவை ஈரல் விடாமல் காத்துக்கொண்டே இருக்கும். டீயில் சீனியை நிறுத்திக் கட்டியைப் பட்டினி போட முடியாது. சிகிச்சைக் காலத்தில் நோயாளி எடை குறைவதுதான் நிஜமான ஆபத்து.)

இப்படி உண்டாகும் அமிலத்தைப் புற்றுநோய்ச் செல் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. உள்ளே வைத்தால் அதுவே செத்துவிடும். சவ்வில் உள்ள பம்புகள் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே செல்லின் உள்பக்கம் சாதாரணமாக இருக்க, வெளிப்பக்கம் புளித்துப்போகிறது. புளிப்பை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். நல்ல திசுவைச் சுற்றி அது 7.4 அளவில் இருக்கும். கட்டிக்குள் செல்களுக்கு வெளியே அது 6.5 முதல் 6.9 வரை இறங்கிவிடுவது வழக்கம், செல்லின் மேற்பரப்பை ஒட்டினாற்போல இன்னும் கீழே. எண்ணைப் பார்த்தால் சின்ன வித்தியாசம்போலத் தோன்றும். ஆனால் பிஎச் ஒன்று குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு கூடிவிட்டன என்று பொருள். 7.4 என்பது 6.7 ஆனாலே ஐந்து மடங்கு.

அமிலம் கட்டி உண்டாக்கிய கழிவு. அது கட்டியை உண்டாக்கவில்லை. அதுவும் கட்டியின் எல்லைக்குள்ளேயே கிடக்கிறது. நோயாளியின் இரத்தம் மற்றவர்கள் இரத்தத்தைப் போலவே 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் ஓடுகிறது. நுரையீரலும் சிறுநீரகமும் அதை அசையவிடுவதில்லை. நாம் குடிக்கும் காரத் தண்ணீர் வயிற்றில் இருக்கும் கடும் அமிலத்தில் விழுந்து அங்கேயே முறிந்துவிடும். எலிகளுக்குத் தண்ணீரில் ஏராளமாகச் சோடியம் பைகார்பனேட் கலந்து கொடுத்து, நோய் பரவுவது குறைந்ததை 2009-இல் அமெரிக்காவில் காட்டியது உண்மைதான். வீடியோக்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான். மனிதருக்கு அதே விகிதத்தில் கணக்கிட்டால் தொடர்ந்து குடிக்க முடியாத அளவு வருகிறது. அவ்வளவு சோடியம் இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு நேரடியாகக் கெடுதல் செய்யும்.

இனி இழையின் கதை. அது உப்பளத்தில் தொடங்குகிறது.

அண்ணாச்சியின் ஊர் தூத்துக்குடிப் பக்கம். தாத்தா அளத்தில் வேலை பார்த்தவர். உப்பு விளையும் முன்பு பாத்தித் தண்ணீர் செக்கச்செவேலென்று மாறும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே நம் கிழக்குப் பக்கம் வடாலா உப்பளங்கள் இருந்ததும், சால்ட் பேன் ரோடு என்று ஒரு தெருவே இருப்பதும் ஆண்டாப் ஹில்காரர்களுக்குத் தெரியும். மற்ற உயிர்கள் தாங்காத உப்பில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அந்தச் சிவப்புக்கு முக்கியக் காரணம். அவற்றில் புகழ்பெற்றது ஹாலோபாக்டீரியம் சலினாரம். அதன் சவ்வில் கருஊதா நிறத்தில் திட்டுத் திட்டாக ஒரு புரதம் இருக்கிறது. 1971-இல் அதை அடையாளம் கண்டவர்கள் டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட்டும் வால்தர் ஸ்டோக்கனியஸும். பாக்டீரியோரோடாப்சின் என்று பெயர் வைத்தார்கள். வெயில் பட்டால் இந்தப் புரதம் ஹைட்ரஜன் அயனிகளை, அதாவது புரோட்டான்களை, செல்லுக்குள்ளிருந்து வெளியே இறைக்கும். வெயிலிலிருந்து சக்தி எடுக்க அந்த உயிர் கண்ட வழி அது.

1975-இல் ரிச்சர்ட் ஹெண்டர்சனும் நைஜல் அன்வினும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இந்தப் புரதம் சவ்வை ஏழு முறை குறுக்கே கடக்கும் ஏழு சுருள்களால் ஆனது என்று காட்டினார்கள். அந்த ஏழு சுருள்களையும் தனித்தனியே பிரித்தால் ஒவ்வொன்றும் தானாகச் சவ்வில் நிற்குமா என்பது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் எங்கெல்மன் கேட்ட கேள்வி. புற்றுநோய்க்கும் அந்தக் கேள்விக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. புரதங்கள் எப்படி மடிகின்றன என்ற ஆர்வம் மட்டும்தான். மூன்றாவது சுருளைத் தனியே எடுத்துப் பார்த்தபோது அது விநோதமாக நடந்துகொண்டது. சாதாரணத் தண்ணீரில் கரைந்து கிடந்தது. கொஞ்சம் அமிலம் சேர்த்ததும் தானாகச் சவ்வைக் குறுக்கே துளைத்துக்கொண்டு சுருளாக நின்றது. அமிலத்தை நீக்கினால் வெளியே வந்துவிட்டது. 1997-இல் ஜான் ஹண்டும் எங்கெல்மனும் கூட்டாளிகளும் இதை வெளியிட்டார்கள். இந்த இழையைப் பின்னாளில் பிஎச்லிப் என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

ஏன் அப்படி நடக்கிறது என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர். அண்ணாச்சியிடம் இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

செல்லின் சவ்வு கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று உண்டான படலம். அதன் நடுப்பகுதி சுத்தமான எண்ணெய், மூன்று நானோமீட்டர் தடிப்பு. நல்லெண்ணெயில் உப்பைப் போட்டு எவ்வளவு நேரம் கிண்டினாலும் கரையாது, அடியில்தான் கிடக்கும். மின்னூட்டம் உள்ள எதையும் எண்ணெய் தனக்குள் சேர்க்காது. நம் இழையில் எண்ணெயை விரும்பும் அமினோ அமிலங்கள் நிறைய உண்டு. லூசின் மட்டும் வரிசையாக நான்கு ஓரிடத்தில் நிற்கிறது. ஆனால் நடுவில் 14-ஆவது இடத்திலும் 25-ஆவது இடத்திலும் அஸ்பார்ட்டிக் அமிலம் என்று இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பிஎச் 7.4 உள்ள இடத்தில் இவை இரண்டும் எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். ஆகவே இழை சவ்வின் மேல் லேசாக ஒட்டிக்கொண்டு, உள்ளே போக முடியாமல், வடிவமில்லாமல் தளர்ந்து கிடக்கும். கொஞ்ச நேரத்தில் விலகிப் போய்விடும்.

சுற்றுப்புறம் புளிப்பானால் புரோட்டான்கள் பெருகுகின்றன. அவற்றில் ஒன்று ஒவ்வொரு அஸ்பார்ட்டிக் அமிலத்திலும் ஏறி உட்கார்ந்து மின்னூட்டத்தைத் தணித்துவிடும். தடை போயிற்று, இப்போது இழைக்கு எண்ணெயே பிடித்த இடம். ஆனால் எண்ணெய்க்குள் போனால் இன்னொரு சிக்கல். இழையின் முதுகெலும்பில் உள்ள அணுக்களுக்குக் கைகோக்க அங்கே தண்ணீர் கிடையாது. அதனால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. அப்படிப் பிடித்துக்கொள்ள வசதியான வடிவம் ஆல்ஃபா சுருள். இப்படிச் சுருளும்போது ஒரு புரத இழை எந்தக் கோணங்களில் வளையலாம், எந்தக் கோணங்களில் வளைய முடியாது என்று வரைபடமே போட்டுக் கொடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன், ஆண்டு 1963. உலகம் முழுக்க இன்றும் புரத வடிவங்களைச் சரிபார்க்கும் முதல் சோதனை அதுதான். ஆல்ஃபா சுருளில் ஒவ்வொரு அமினோ அமிலமும் 0.15 நானோமீட்டர் நீளம் கொடுக்கும். சவ்வின் எண்ணெய்ப் பகுதியைக் குறுக்கே கடக்க இருபது போதும். இழையில் அதற்குத் தேவையானது இருக்கிறது.

அந்த இரண்டு அஸ்பார்ட்டிக் அமிலங்களும் தற்செயலாக அங்கே வரவில்லை. தாய்ப் புரதத்தில் அவை 85-ஆவதும் 96-ஆவதும். உப்பளத்து உயிர் வெயிலில் புரோட்டானை இறைக்கும்போது அதை வாங்குவதும் கொடுப்பதுமாக இருக்கும் அதே இருவர். புரோட்டானோடு பழகுவது அவற்றின் பரம்பரைத் தொழில். அவற்றை எடுத்துவிட்டு வேறு அமினோ அமிலமான லைசினை அந்த இடங்களில் வைத்துப் பார்த்தார்கள். இழை புளிப்பை உணரும் திறனையே இழந்தது, எலியின் கட்டியையும் தேடிப் போகவில்லை.

இதைப் புற்றுநோயோடு இணைத்தவர்கள் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் யானா ரெஷெட்னியாக்கும் ஓலெக் ஆண்ட்ரீவும், எங்கெல்மனோடு சேர்ந்து. இழை சவ்வில் இறங்கும்போது எப்போதும் ஒரே திசையில் இறங்குகிறது. ஒரு முனை வெளியே நிற்கும், மறுமுனை செல்லுக்குள் போய்விடும். வெளிமுனையில் ஒளிரும் சாயத்தையோ கதிரியக்க அணுவையோ கட்டினால் கட்டியின் இருப்பிடம் தெரியும். உள்முனையில் மருந்தைக் கட்டினால் அது செல்லுக்குள் இழுத்துச் செல்லப்படும். மருந்தையும் இழையையும் கந்தகப் பிணைப்பு ஒன்றால் இணைத்திருந்தால், செல்லுக்குள் இருக்கும் வேதிச்சூழல் அதை வெட்டி மருந்தை விடுவித்துவிடும். 2006-இல் அவர்கள் ஃபாலோய்டின் என்ற காளான் நஞ்சை, தானாகச் சவ்வைக் கடக்க முடியாத ஒன்றை, இப்படி அமிலச் சூழலில் இருந்த செல்களுக்குள் மட்டும் கொண்டுசென்று காட்டினார்கள். 2007-இல் எலிகளின் உடலில் கட்டி ஒளிர்ந்தது. 2015-இல் நேச்சர் இதழில் எங்கெல்மனும் வேறு சில கூட்டாளிகளும், நிணநீர்ப் புற்றுநோய் உள்ள எலிகளில் கட்டியை வளர்க்கும் ஒரு குறு ஆர்.என்.ஏ.வை அடைக்கும் மருந்தை இதே இழை சுமந்து சென்றதை எழுதினார்கள்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். இன்று குறிவைத்துத் தாக்கும் பெரும்பாலான மருந்துகள் செல்லின் மேல் இருக்கும் ஏதாவது ஒரு புரதத்தைத் தேடிப் போகின்றன. ஒரே கட்டியில் அந்தப் புரதம் உள்ள செல்லும் இருக்கும், இல்லாத செல்லும் இருக்கும். சிகிச்சை போகப் போக இல்லாதவை தப்பிப் பெருகிவிடும். வேகமாக வளரும் செல் தன் புரதத்தை மறைக்கலாம், அமிலம் கொட்டுவதை நிறுத்துவது அதற்கு அவ்வளவு எளிதல்ல.

இழை சுமக்கும் மருந்துக்கும் ஒரு கதை உண்டு. அதில் நம் மும்பையும் ஒரு தமிழரும் இருக்கிறார்கள். 1966-இல் அமெரிக்காவில் மன்ரோ வாலும் மன்சுக் வானியும் ஒரு சீன மரத்திலிருந்து காம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். வானி நம் நந்துர்பாரில் பிறந்து மும்பைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்தப் பொருள், பிளவுபடுவதற்காகச் செல் டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது அதைக் கெடுத்துக் கொல்லும். சீன மரம் கிடைப்பது கடினம். சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்து, பிறகு கோரேகாவில் சீபா ஆராய்ச்சி மையத்தின் இயக்குநரான டி.ஆர். கோவிந்தாச்சாரி, என். விஸ்வநாதனோடு சேர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்தில் அதே பொருள் தாராளமாக இருப்பதை 1972-இல் கண்டார். மராட்டியில் நரக்யா என்பார்கள். அதன் பிறகு அந்த மரத்துக்கு வந்த கஷ்டம் தனிக்கதை. காடுகளில் அது வெட்டி வெட்டிக் குறைந்துபோனது.

காம்ப்டோதெசினை உப்பாக்கித் தண்ணீரில் கரையும்படி செய்து நோயாளிகளுக்குக் கொடுத்த முதல் முயற்சிகள் மோசமாக முடிந்தன. எலும்பு மஜ்ஜையும் சிறுநீர்ப்பையும் தாங்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். அதன் வழித்தோன்றல்களான டோபோடெக்கானும் இரினோடெக்கானும் 1996-இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அதே குடும்பத்தில் இன்னும் வீரியமானது எக்ஸாடெக்கான். வீரியம் கூடினால் மயிர், வாய், குடல், மஜ்ஜை எல்லாவற்றுக்கும் அடி. கீமோ எடுத்த யாரையாவது பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. ஆகவே மருந்தை மாற்றாமல் அதை யார் சுமப்பது என்பதை மாற்றிப் பார்க்கிறார்கள். பிஎச்லிப் வகை இழையில் எக்ஸாடெக்கானைக் கட்டிய சி.பி.எக்ஸ்-12 என்ற மருந்தின் மனிதச் சோதனை 2021-இல் அமெரிக்காவில் தொடங்கியது.

இழைக்குப் போதாமைகளும் உண்டு. புளிப்பு புற்றுநோய்க்கு மட்டும் சொந்தமில்லை. வீக்கம் கண்ட மூட்டு, இரத்தம் எட்டாத இதயத் தசை, எல்லாம் அமிலமாகத்தான் இருக்கும். சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றும் உறுப்பு என்பதால் எலிகளில் இழை அங்கேயும் சேர்கிறது. எல்லாக் கட்டியும் ஒரே அளவு புளிப்பதில்லை, ஒரே கட்டியிலும் ஓரம் ஒரு மாதிரி, நடு ஒரு மாதிரி. எலியின் கட்டி சில வாரங்களில் வேகமாக வளர்வது. மனிதரின் கட்டி ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர்ந்ததாகவும் இருக்கலாம். எலியில் அழகாக வேலை செய்த எத்தனையோ மருந்துகள் மனிதரிடம் வந்து நின்றுபோயிருக்கின்றன.

மருந்துக்கு முன்பே அறுவை அரங்கில் இந்த இழை பயன்படக்கூடும் என்பது என் எண்ணம். 2016-இல் ரோட் ஐலண்டில், நோய்க்காக அகற்றப்பட்ட சிறுநீர்ப்பைகளில் அகச்சிவப்பில் ஒளிரும் சாயம் கட்டிய இழையை விட்டுப் பார்த்தார்கள். சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்பிய கட்டிகளும் ஒளிர்ந்தன. மார்பகக் கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்றும் அறுவையில், ஓரத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதுதான் சர்ஜனின் தலையாய கவலை. மிச்சம் இருந்தால் மறுபடி மேசைக்கு வரவேண்டும். அந்தக் கவலைக்காக இதே சாய இழை நியூயார்க்கில் மனிதச் சோதனைக்குப் போயிருக்கிறது. இங்கே ஊசியில் ஏற்றும் அளவு சின்னது, ஒருமுறைதான், உள்ளே நஞ்சு எதுவும் இல்லை. அதனால் சிறுநீரகத்தைப் பற்றிய பயமும் குறைவு.

“நம்ம பக்கம் எப்ப வரும்?” என்று அண்ணாச்சி கேட்டார். இன்றைக்கு இது எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது. சோதனைக்கு வெளியே எந்த மருத்துவரும் இதை எழுதித்தர முடியாது. இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனை எதுவானாலும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். பதிவான ஒவ்வொன்றுக்கும் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும், இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். எந்த ஆஸ்பத்திரி, எந்த நோய், எத்தனை பேர், யாரைச் சேர்ப்பார்கள் என்பதெல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். அண்ணாச்சி அந்த நான்கு எழுத்தையும் செல்போனில் குறித்துக்கொண்டார். அடுத்த முறை தங்கையோடு ஓ.பி.டி.க்குப் போகும்போது மருத்துவரிடம் அவருக்குப் பொருந்தும் சோதனை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று கேட்கிறேன் என்றார்.